வன்னியின் நான்கு மாவட்டங்களும் அவற்றின் குடித்தொகையும்

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை அடிப்படையாகக் கொண்டு இலங்கையில் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டின் ஆரம்ப முடிவுகள் வெளியானபோது, வன்னியைச் சேர்ந்த இரண்டு அயல் மாவட்டங்கள் பட்டியலின் இரு அந்தங்களில் நின்றன. 122,542 பேருடன் நாட்டிலேயே மிகக் குறைந்த மக்களைக் கொண்ட மாவட்டமாக இருக்கும் முல்லைத்தீவு, ஆண்டுக்கு 2.23 வீதம் என்ற கணக்கில் வளர்ச்சி வீதத்தில் முதலிடத்தைப் பெற்றிருந்தது. அதனுடன் காடும் குளமும் எல்லையும் பகிர்ந்துகொள்ளும் வவுனியா, 0.01 வீதத்துடன் கடைசி இடத்தில் இருந்தது. பன்னிரண்டரை ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் வவுனியாவின் குடித்தொகை 172,115இலிருந்து 172,257 ஆக மட்டுமே மாறியிருக்கிறது. அதாவது அசையவே இல்லை எனலாம். ஒரே மண், ஒரே மழை, ஏறத்தாழ ஒரே வகையான வாழ்வாதாரம் கொண்ட இரு மாவட்டங்களுக்கு இடையில் இத்தகைய வேறுபாடு பிறப்பு இறப்புக் கணக்கினால் உண்டாகக்கூடியதல்ல. வன்னியின் குடித்தொகையைக் கடந்த முக்கால் நூற்றாண்டாகத் தீர்மானித்து வந்தது குடியேற்றமும் இடம்பெயர்வும் வெளியேற்றமும் மீள்வருகையுமே என்பதும், மாவட்ட எல்லைகளும்கூட அவற்றோடு சேர்ந்தே அமைந்து வந்தன என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முதலில் வன்னி என்பது எது என்று வரையறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனெனில் அந்தப் பெயரில் இலங்கையில் இன்று நிர்வாக மாவட்டம் எதுவும் இல்லை. வழக்கத்தில், வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களில் யாழ்ப்பாணத்தை நீக்கினால் எஞ்சும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கையும் சேர்த்தே வன்னிப் பெருநிலப்பரப்பு என்கிறோம். நீர்ப்பரப்புகளை நீக்கிய நிலத்தின் அளவு முல்லைத்தீவில் 2,415, மன்னாரில் 1,880, வவுனியாவில் 1,861, கிளிநொச்சியில் 1,205 சதுர கிலோமீற்றர். நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 7,360 சதுர கிலோமீற்றர். நாட்டின் நிலப்பரப்பில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதில் வாழ்பவர்களோ 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி சுமார் 555,000 பேர். நாட்டின் மொத்த மக்களில் நாற்பதில் ஒரு பங்கு.

ஆனால் இந்த நான்கு மாவட்ட வரையறை எல்லா இடங்களிலும் பொருந்துவதில்லை. கிளிநொச்சி மாவட்டத்தின் பச்சிலைப்பள்ளிப் பிரதேச செயலாளர் பிரிவு ஆனையிறவுக்கு வடக்கே, குடாநாட்டின் கழுத்துப் பகுதியில் இருக்கிறது. பளையில் நிற்கும் ஒருவர் நிர்வாகத்தால் கிளிநொச்சிக்காரராகவும், தென்னந்தோட்டமும் மணலும் கொண்ட நிலத்தால் குடாநாட்டவராகவும் இருப்பார். மன்னார்த் தீவில் வாழ்பவர் தம்மை மன்னாரார் என்பாரே தவிர வன்னியார் என்று சொல்வது அரிது. முத்துக்குளிப்பும் பாக்குநீரிணைக் கடல்வழியும் கத்தோலிக்கமும் உருவாக்கிய கரையோர வரலாறு அது. மறுபக்கத்தில், ஒல்லாந்தர் காலத்து வன்னிப் பற்றுகளுள் ஒன்றாக எண்ணப்பட்ட தென்னமரவடி இன்று திருகோணமலை மாவட்டத்துக்குள் இருக்கிறது. பனங்காமம், மேற்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்று அக்காலத்தில் பிரிக்கப்பட்டிருந்த நிலம் வன்னியர் எனப்பட்ட சிற்றரசர்களின் கையில் இருந்தது. யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கே திறை வாங்குவதற்கே சிரமப்பட்டனர். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியனை அதே ஆண்டு ஒக்ரோபரில் கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படை முறியடித்த பின்னரே நிலம் முழுமையாகக் குடியேற்ற ஆட்சியின் கீழ் வந்தது.

1833இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி நாடு ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டபோது வட மாகாணம் இன்றையதைவிடப் பெரியது. இன்றைய அநுராதபுரப் பகுதியான நுவரகலாவியாவும் அதற்குள் இருந்தது. 1873இல் வட மத்திய மாகாணம் உருவாக்கப்பட்டு நுவரகலாவியா அதற்குப் போன பின்னரே வன்னியின் தெற்கு எல்லை ஏறக்குறைய இன்றைய இடத்துக்கு வந்தது. அதன் பின்னர் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வட மாகாணத்தில் மூன்று மாவட்டங்களே இருந்தன என்று சுருக்கமாகச் சொல்லலாம்: யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா. முல்லைத்தீவு 1978 செப்ரெம்பரில் தனி மாவட்டமாயிற்று. பெரும்பகுதி வவுனியாவிலிருந்தும், சிறு பகுதிகள் அயல் மாவட்டங்களிலிருந்தும் எடுக்கப்பட்டன. கிளிநொச்சி 1984 பெப்ரவரியில் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. வயது நாற்பதைத் தாண்டிய கிளிநொச்சிக்காரர் பலர் யாழ்ப்பாண மாவட்டத்தில் பிறந்ததாகப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

இந்தப் பிரிப்புகளின் காலவரிசையில் ஒரு விளைவு மறைந்திருக்கிறது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கீழ் விகிதாசாரத் தேர்தலுக்கான மாவட்டங்கள் வரையப்பட்டபோது கிளிநொச்சி மாவட்டமே இல்லை. எனவே மன்னாரும் வவுனியாவும் முல்லைத்தீவும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம் ஆயின. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு தொகுதியாகவே இன்றுவரை நீடிக்கிறது. நாட்டில் நிர்வாக மாவட்டங்கள் இருபத்தைந்து, தேர்தல் மாவட்டங்கள் இருபத்திரண்டு. அந்த மூன்றின் வித்தியாசம் முழுவதும் வட மாகாணத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. ஆகவே செய்தி ஒன்றில் 'வன்னி மாவட்டம்' என்று வரும்போது அது பெரும்பாலும் கிளிநொச்சி நீங்கலான மூன்று மாவட்டங்களையே குறிக்கும். அதே செய்தித்தாளின் மறுபக்கத்தில் 'வன்னியில் இறுதிப்போர்' என்று எழுதப்பட்டிருந்தால் அதில் கிளிநொச்சி கட்டாயம் அடங்கும். மக்கள்தொகைப் புள்ளிவிபரங்களை ஒப்பிடுபவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது.

இனி எண்களுக்கு வருவோம். 1946இல் இன்றைய முல்லைத்தீவின் பெரும்பகுதியையும் உள்ளடக்கியிருந்த வவுனியா மாவட்டம் முழுவதிலும் சுமார் 23,000 பேரே வாழ்ந்தனர். மன்னாரில் 31,500 பேர் அளவில் இருந்தனர். ஆயிரக்கணக்கான குளங்கள் வெட்டப்பட்ட ஒரு நிலம் இப்படி வெறுமையாகக் கிடந்ததற்கு மலேரியாவே உடனடிக் காரணம். உடைந்த குளங்களும் அவற்றின் அணைக்கட்டுகளுக்குக் கீழே தேங்கிய நீரும் நுளம்பைப் பெருக்கின, நோய் மக்களைக் குறைத்தது, ஆளில்லாத இடத்தில் குளத்தைத் திருத்துவாரும் இல்லாமற் போயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மன்னாரின் கட்டுக்கரைக்குளம் திருத்தப்பட்டது. 1905இல் வடக்குப் புகையிரதப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டு வவுனியாவையும் மாங்குளத்தையும் கிளிநொச்சியையும் தொட்டுச் சென்றது. 1914இல் தலைமன்னார்ப் பாதையும் வந்தது. ஆயினும் பாதை வந்தவுடன் மக்கள் வந்துவிடவில்லை. 1940களின் நடுப்பகுதியில் டீடீரீ (DDT) என்ற பூச்சிகொல்லியின் தெளிப்புத் தொடங்கி மலேரியா அடங்கியதே பெரிய திருப்பமாக அமைந்தது.

அதற்குப் பிந்திய வளர்ச்சியின் வேகத்தைப் பாருங்கள். வவுனியா மாவட்டத்தில் 1946இல் 23,000 அளவாக இருந்த தொகை 1971இல் 95,000ஐ எட்டியது. கால் நூற்றாண்டில் நான்கு மடங்கு. மன்னார் அதே காலத்தில் 78,000 அளவுக்கு உயர்ந்தது. இந்த மக்கள் எங்கிருந்து வந்தனர் என்பதே வன்னியின் சமூக வரலாறு. ஒரு தரப்பினர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் 1920களின் தொடக்கத்தில் முடிந்திருந்தது. அதன் நீரை நம்பி 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கப்பட்டபோது, காணி நெருக்கமும் வேலையின்மையும் மிகுந்த குடாநாட்டிலிருந்து குடும்பங்கள் வந்து காடு வெட்டி வயல் செய்தன. வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலியவை சுதந்திரத்துக்குப் பின் திருத்தப்பட்டு அவற்றின் கீழும் காணிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. விசுவமடு போன்ற இடங்களில் படித்த வாலிபர் திட்டங்கள் வந்தன. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது அந்த இளைஞர்கள் கண்ட செழிப்பைப் பழையவர்கள் இன்றும் பேசுவார்கள்; இறக்குமதி திறக்கப்பட்டதும் அது சரிந்ததையும் சேர்த்தே பேசுவார்கள்.

மற்றத் தரப்பினர் மலையகத்திலிருந்து வந்தவர்கள். தமிழருக்கு எதிரான 1958இன் வன்செயலுக்குப் பின் சிறு தொகையாகவும், 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டு உணவுத் தட்டுப்பாடு வாட்டிய காலத்தில் பெரிய அளவிலும், 1977இன் வன்செயலுக்குப் பின் இன்னும் அதிகமாகவும் அவர்கள் வந்தனர். காந்தியம் அமைப்பின் சார்பில் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் வவுனியாவை மையமாகக் கொண்டு அவர்களைக் குடியமர்த்தினர். 1983இல் இருவரும் வெலிக்கடைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தபோது நடந்த படுகொலையில் இராஜசுந்தரம் உயிரிழந்தார். கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் போன்ற ஊர்களும் வவுனியாவின் எல்லையோரக் கிராமங்கள் பலவும் இந்த மக்களால் உருவானவை. நீர்ப்பாசனக் காணி பெற்ற முதற் குடியேற்றவாசிகளின் வயல்களில் கூலிக்கு வேலை செய்தவர்களும், வாய்க்கால் எட்டாத மேட்டுக்காணியில் உறுதிப் பத்திரமின்றிக் குடியிருந்தவர்களும் பெரும்பாலும் அவர்களே.

குடிசன மதிப்பீடு இவர்களைச் சரியாகக் காட்டுவதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1981இல் வவுனியா மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டிருந்தார். 2012இல் அந்தப் பங்கு ஒரு வீதத்துக்கும் கீழே போய்விட்டது. இடையில் பலர் இடம்பெயர்ந்ததும் இந்தியாவுக்குச் சென்றதும் உண்மைதான். ஆனால் அத்தனை பேரும் மறைந்துவிடவில்லை. தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொள்ளும் வழக்கமே எண்ணைப் பெருமளவில் மாற்றியது. அதைத் தவறென்று சொல்வதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆனால் காணி உரிமையிலும் பாடசாலை வசதியிலும் பின்தங்கிய ஒரு பிரிவினர் எங்கே, எத்தனை பேர் என்று திட்டமிடுபவர்கள் அறிய முடியாமற் போனது அதன் பக்க விளைவு.

1981ஆம் ஆண்டின் மதிப்பீடு போருக்கு முந்திய வன்னியின் கடைசி முழுமையான படம். கிளிநொச்சியாகப் பின்னர் பிரிக்கப்பட்ட பகுதியில் 91,764, மன்னாரில் 106,235, வவுனியாவில் 95,428, முல்லைத்தீவில் 77,189 என்று மொத்தம் 370,616 பேர். நான்கும் ஏறத்தாழ ஒரே அளவினவாக இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த முழுமையான கணக்கு 2012 மார்ச்சில்தான் எடுக்கப்பட்டது. இடையில் முப்பத்தொரு ஆண்டுகள். 1991இல் மதிப்பீடே நடைபெறவில்லை. 2001இல் பதினெட்டு மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக எண்ணினார்கள். வடக்கின் ஐந்தும் திருகோணமலையும் மட்டக்களப்பும் விடுபட்டன. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து, அதில் ஒரு பகுதி இறந்தும் போன காலம் முழுவதும் வன்னிக்கு அதிகாரபூர்வமான தலைக்கணக்கு கிடையாது.

அந்தக் காலத்தில் நடந்தவற்றைச் சுருக்கிச் சொல்வது கடினம். 1984இன் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய கரையோரத் தமிழ்க் கிராமங்கள் வெளியேற்றப்பட்டன. மணலாற்றுப் பகுதி மகாவலி அபிவிருத்தியின் 'எல்' வலயமாகி வெலிஓயா என்ற பெயரில் சிங்களக் குடியேற்றமாக வளர்ந்தது. நீண்டகாலம் அநுராதபுரத்தோடு இணைந்திருந்த அதன் நிர்வாகம் போருக்குப் பின் முல்லைத்தீவின் ஆறாவது பிரதேச செயலாளர் பிரிவாக அமைந்தது. மற்றைய ஐந்தும் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு ஆகியவை. முல்லைத்தீவில் 2012இல் சிங்களவர் பத்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாகக் காணப்பட்டதற்கு இந்த ஒரு பிரிவே பிரதான காரணம். வவுனியாவிலும் அதேயளவு பங்கு இருந்தது. ஆனால் அங்கே வவுனியா தெற்குப் பிரிவில் பழைய சிங்களக் கிராமங்களும் இருப்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியல்ல.

1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம்கள் ஏறத்தாழ அனைவரும் விடுதலைப் புலிகளால் சில நாள் அவகாசத்தில், சில இடங்களில் சில மணி நேர அவகாசத்தில், வெளியேற்றப்பட்டனர். மொத்தம் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட அந்த மக்களில் பெரும்பகுதியினர் மன்னாரைச் சேர்ந்தவர்கள். முசலியும் எருக்கலம்பிட்டியும் வெறிச்சோடின. மன்னாரின் மக்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் முஸ்லிமாக இருந்த நிலை 2012இல் பதினாறு வீதமாகச் சுருங்கியதில் அந்த வெளியேற்றம் பதிவாகியிருக்கிறது. 1981க்கும் 2012க்கும் இடையில் நாட்டின் மொத்தக் குடித்தொகை 37 வீதத்தால் பெருகியபோது, மன்னார் 106,235இலிருந்து 99,570 ஆகக் குறைந்தது. நான்கு மாவட்டங்களில் குறைந்தது அது ஒன்றே. முஸ்லிம்களின் வெளியேற்றத்தோடு, படகேறி இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் பதிந்தவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் குறைவு விளங்கும்.

வன்னிக்குள் வந்த கூட்டமும் உண்டு. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் பெயர்ந்த பின், தென்மராட்சியில் தங்கியவர்களில் பெருந்தொகையினர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தனர். கிளிநொச்சி நகரம் 1996இல் இராணுவத்திடமும் 1998இல் மீண்டும் புலிகளிடமும் கைமாறியபோது அங்கிருந்தவர்கள் அக்கராயனுக்கும் மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் சிதறினர். அந்த ஆண்டுகளில் துணுக்காயும் மல்லாவியும் நகரங்கள் போல் நெரிந்திருந்தன. வவுனியாவோ ஓமந்தைச் சோதனைச் சாவடிக்குத் தெற்கே, அரச கட்டுப்பாட்டின் கடைசிப் பெரிய நகரமாக வீங்கியது. நலன்புரி முகாம்களும் அனுமதிச் சீட்டு முறையும் கடைகளும் விடுதிகளுமாக அந்நகரம் வளர்ந்ததற்குப் போரே காரணம். 1981இல் 95,428 ஆக இருந்த வவுனியா 2012இல் 172,115ஐ எட்டி எண்பது வீதத்தால் பெருகியது இவ்வாறுதான்.

குடித்தொகை எண் ஒன்று உயிரையும் சாவையும் தீர்மானிக்கும் அளவுக்குப் பாரதூரமானது 2008, 2009ஆம் ஆண்டுகளில்தான். போரின் இறுதிக் கட்டத்தில் வன்னிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதில் அரசாங்கமும் களத்தில் இருந்த அரச அலுவலர்களும் முற்றிலும் வேறுபட்ட கணக்குகளைச் சொன்னார்கள். 2009இன் தொடக்கத்தில் எழுபதாயிரம் அளவிலானவர்களே சிக்கியிருப்பதாக அரசாங்கம் கூறியது. அனுப்பப்பட்ட உணவும் மருந்தும் அந்தக் கணக்குக்கேற்பவே அமைந்தன. போர் மே மாதத்தில் முடிந்தபோது வவுனியாவின் மெனிக் பாம் முதலான முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் இரண்டே முக்கால் இலட்சத்துக்கும் அதிகம். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு எளிய கழித்தலை வைத்தார்: 2008 ஒக்ரோபரில் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகங்களின் கணக்கின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059, 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380, மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது? அந்த எண் இறந்தோரின் எண்ணிக்கை என்று அவர் சொல்லவில்லை. கணக்குக் காட்டப்படாதோர் என்றார். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் நாற்பதாயிரம் வரையிலான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்றது. அரசாங்கத்தின் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய கணக்கெடுப்பு அதைவிட மிகக் குறைந்த எண்ணையே தந்தது. விதானைமார் எனப்படும் கிராம அலுவலர்கள் வீடு வீடாக எழுதிய பதிவேடும் பங்கீட்டு அட்டைப் பட்டியலும் இவ்வளவு பாரம் சுமக்க நேர்ந்தது வேறு எந்த மாவட்டத்திலும் இல்லை.

2012இன் மதிப்பீட்டை வாசிக்கும்போது இந்தப் பின்னணி கையோடு இருக்க வேண்டும். அது எடுக்கப்பட்ட மார்ச் மாதத்தில் மெனிக் பாம் இன்னும் மூடப்படவில்லை, செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. முல்லைத்தீவின் கிழக்குப் பகுதிகளில் கண்ணிவெடி அகற்றல் தொடர்ந்துகொண்டிருந்தது. புதுக்குடியிருப்பின் சில பகுதிகளும் கேப்பாப்பிலவும் மக்களுக்குத் திறக்கப்படவில்லை. உறவினர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ வவுனியாவில் தங்கியிருந்தவர்கள் அங்கேயே எண்ணப்பட்டனர். எனவே முல்லைத்தீவின் 92,238 என்பது தாழ்ந்த அடித்தளம். வவுனியாவின் 172,115 உயர்ந்த அடித்தளம். அதன் பின்னர் சிலர் ஊர் திரும்பினார்கள், முள்ளியவளையிலும் ஒட்டுசுட்டானிலும் வீட்டுத் திட்டங்கள் வந்தன. வவுனியாவின் இயற்கை அதிகரிப்பை வெளியேற்றம் சமன் செய்தது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 2.23க்கும் 0.01க்கும் இடையிலான இடைவெளியில் பெரும்பகுதியை இவ்வாறே விளக்கலாம் என்பது என் கணிப்பு. முல்லைத்தீவில் தொழிலும் வசதியும் பெருகி வெளியார் வந்து குவிகிறார்கள் என்று அந்த வளர்ச்சி வீதத்தைக் கொண்டாடுபவர்கள் அவசரப்படுகிறார்கள்.

அதே பன்னிரண்டரை ஆண்டுகளில் மன்னார் சுமார் 124,000 ஆகவும் கிளிநொச்சி சுமார் 136,000 ஆகவும் வளர்ந்திருக்கின்றன. மன்னாரின் உயர்வில் புத்தளத்திலிருந்து முசலிக்கும் மன்னார்த் தீவுக்கும் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களுக்கும், இந்தியாவிலிருந்து மீண்டவர்களுக்கும் பங்கு உண்டு. திரும்பியவர்களின் பழைய காணிகளைக் காடு மூடியிருந்ததும், மறிச்சுக்கட்டிப் பகுதியில் அவை வனப் பகுதியாகக் கணிக்கப்பட்டதும் இன்னும் தீராத வழக்குகளாக இருக்கின்றன. கிளிநொச்சிக்கு வேறு ஈர்ப்புகளும் சேர்ந்தன: அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இயங்குகின்றன. ஏ-9 வீதியும் 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலமும் இரு வழியாலும் குடாநாட்டை நெருங்கச் செய்திருக்கின்றன. ஆனால் நகரம் என்று நாம் சொல்லும் கிளிநொச்சிக்கு நகரசபை இல்லை. கரைச்சிப் பிரதேச சபையே அதன் குப்பையையும் சந்தையையும் பார்த்துக்கொள்கிறது. முல்லைத்தீவு நகரமும் அப்படியே.

நிலம் பெரிது, மக்கள் குறைவு என்ற அடிப்படை நிலை நிர்வாகத்தில் எப்படி வெளிப்படுகிறது என்பதற்கு அடர்த்திக் கணக்கு உதவும். முல்லைத்தீவில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு ஐம்பது பேர் அளவில் வாழ்கிறார்கள். நாட்டிலேயே மிகக் குறைந்த அடர்த்தி. யாழ்ப்பாண மாவட்டத்தில் அது அறுநூறை அண்டுகிறது. தலைக்கு இவ்வளவு என்று நிதி ஒதுக்கும் எந்த முறையும் வன்னிக்குப் பாதகமாகவே முடியும், ஏனெனில் வீதியின் நீளமும் மின்கம்பங்களின் எண்ணிக்கையும் ஆட்களின் தொகையைப் பார்த்து அமைவதில்லை. மாந்தை கிழக்கின் உட்கிராமம் ஒன்றுக்கு ஒரு பஸ் ஓடுவதற்குத் தேவையான பயணிகள் சேரமாட்டார்கள். ஆனால் அங்கிருக்கும் ஒரு கர்ப்பிணித் தாய்க்கு வைத்தியசாலை நாற்பது கிலோமீற்றர் தூரத்தில் இருப்பது குறைந்துவிடாது. மாணவர் தொகை குறைந்த பாடசாலையை மூடுவதா, இணைப்பதா என்ற கேள்வி எழும்போதெல்லாம் தலைக்கணக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கும் தூரத்தைப் பார்ப்பவர்களுக்கும் இடையில் பிணக்கு வருவதும் இதனால்தான். அத்துடன் அடர்த்தி என்பது ஏமாற்றும் எண்ணும்கூட. முல்லைத்தீவின் நிலத்தில் பாதிக்கு மேல் காடு. வனத் திணைக்களமும் வனசீவராசிகள் திணைக்களமும் முப்படையும் வைத்திருக்கும் பரப்பைக் கழித்துவிட்டால், குடியிருக்கவும் பயிரிடவும் கிடைக்கும் காணி பரந்து கிடப்பதாகச் சொல்ல முடியாது.

பிரதிநிதித்துவத்தில் மட்டும் நிலப்பரப்பு வன்னிக்குக் கைகொடுத்திருக்கிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் சுமார் 306,000 வாக்காளரைக் கொண்ட வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனங்கள்; கிளிநொச்சியையும் சேர்த்து ஏறத்தாழ இரு மடங்கு வாக்காளரைக் கொண்ட யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கும் ஆறு. மாகாணம் ஒன்றுக்கு நான்கு என்று அரசியலமைப்பு ஒதுக்கும் மேலதிக ஆசனங்களில் பெரும்பகுதி வன்னிக்குக் கிடைப்பதே இதற்குக் காரணம். யாழ்ப்பாணத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனங்கள் இருந்தன. வாக்காளர் இடாப்பு திருத்தப்பட்டு இல்லாதவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டதும் 2015இல் அது ஏழாகி, இப்போது ஆறில் நிற்கிறது. மாகாண சபை விடயத்தில் வேறு ஏற்பாடு: அங்கே கிளிநொச்சி தனி மாவட்டம். 2013 தேர்தலில் யாழ்ப்பாணத்துக்குப் பதினாறும், வவுனியாவுக்கு ஆறும், மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் தலா ஐந்தும், கிளிநொச்சிக்கு நான்கும் வழங்கப்பட்டன. வன்னியின் நான்கு மாவட்டங்கள் சேர்ந்து இருபது உறுப்பினரைப் பெற்று, யாழ்ப்பாணத்தைவிட நான்கு அதிகமாகக் கொண்டிருந்தன. ஆனால் அந்தச் சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்த பின்னர் தேர்தலே நடைபெறவில்லை. புதிய எல்லை நிர்ணயம், பழைய முறை என்ற விவாதம் எப்படி முடிந்தாலும், அடுத்த ஒதுக்கீட்டில் 2024இன் எண்கள் பேசப்படும். கிளிநொச்சி மன்னாரையும் முல்லைத்தீவையும்விட அதிக மக்களைக் கொண்டிருந்தும் அவற்றைவிட ஓர் ஆசனம் குறைவாகப் பெறுவது நியாயமா என்ற கேள்வி அங்கே எழத்தான் போகிறது.

இந்த எண்களுக்குள் அடங்காதவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் அரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் இன்னும் வாழ்கின்றனர். அவர்களில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஊர்களைச் சேர்ந்த குடும்பங்கள் கணிசமானவை. பிள்ளைகள் அங்கே பிறந்து கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் வயதுக்கு வந்துவிட்டார்கள். புத்தளத்தில் வீடும் மன்னாரில் வாக்கும் வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பங்கள் வாக்காளர் பதிவின் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் எந்தப் பக்கம் பெயர் பதிவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. விதைப்பு, அறுவடைக் காலங்களில் மட்டும் முல்லைத்தீவு வயலுக்கு வந்து, மற்றக் காலத்தில் பிள்ளைகளின் படிப்புக்காக வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர்களும் உண்டு. வழமையான வதிவிடம் எது என்று கணக்கெடுப்பாளர் கேட்கும்போது இவர்கள் தரும் பதில் எந்த மாவட்டத்தின் கணக்கில் ஏறுகிறதோ அந்த மாவட்டத்துக்கே அடுத்த பத்தாண்டுக்கான வைத்தியசாலைக் கட்டிலும் ஆசிரியர் நியமனமும் போகின்றன.